வானம் பார்த்த பூமியின் கோயில்கள் – 7: ஒரு பீடம், இரு கூடங்கள்

கட்டடத்தின் வரைபடத்தை மட்டும் வைத்து ஒரு கிராமத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்ல முடியுமா? வடக்கன்குளத்தில் முடியும். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வந்து மோதும் ஊர் அது. அங்கே 1872-இல் எழுந்த கத்தோலிக்கக் கோயிலுக்குப் பலிபீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. பீடத்தில் தொடங்கி இரண்டு கூடங்களும் கவட்டைக் கம்பைப் போல விலகி விரிந்தன. ஒரு கூடத்தில் வெள்ளாளர், மறு கூடத்தில் நாடார். நடுவில் தடுப்பு. பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாது.

எரியோட்டையும் வேடசந்தூரையும் சுற்றிய ஊர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவன் இந்த முறை ஏன் இத்தனை தெற்கே போகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். வேடசந்தூரைத் தொட்டுப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, வடக்கன்குளத்துக்குப் பக்கத்துக் காவல்கிணறு வழியாகத்தான் குமரிக்குப் போய்ச் சேர்கிறது. சாலை மட்டும் பொது இல்லை. மழை பொய்த்தால் கிணற்றையும், கிணறு வற்றினால் வெளியூரையும் நம்பிப் பிழைக்கும் வாழ்க்கையும் பொது. நம் பக்கம் சோளமும் கடலையும் புகையிலையும் என்றால் அங்கே பனை. இரண்டு வட்டாரங்களுக்கும் வேதம் சொல்ல வந்தவர்களும் ஒரே கூட்டத்தார்தான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு ஊர் ஊராக நடந்த சேசு சபைக் குருக்கள் திண்டுக்கல் சமவெளியிலும் நடந்தார்கள், நாஞ்சில் நாட்டு எல்லையிலும் நடந்தார்கள். ஒரே கோயிலை ஊரார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற கேள்வி நம் பக்கத்துக் கோயில்களிலும் இருந்தது. வடக்கன்குளத்தில் அந்தக் கேள்விக்குச் சுண்ணாம்பும் கல்லும் வைத்து விடை கட்டினார்கள். பிறகு அந்த விடையை இடித்தார்கள். இடித்தது சரியா என்று நீதிமன்றம் வரை போனார்கள். இவ்வளவும் பதிவாகியிருக்கும் கிராமம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலையே இந்த ஊரை மையமாக வைத்து எழுதியிருக்கிறார். ஊர்க் கோயில்களின் வரலாற்றில் அக்கறை உள்ள எவரும் படித்தாக வேண்டிய நூல் அது.

முதலில் வந்தவர்கள் நாடார்கள். 1680-இல் வடக்கன்குளத்தில் சில நாடார் குடும்பங்கள் கத்தோலிக்கம் தழுவின, ஒரு கோயிலும் எழுந்தது. நாடார்களிடையே உருவான முதல் கிறித்தவச் சபை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதைத்தான். 1701-இல் சேசு சபையார் அங்கே நிலையான மிஷனை அமைத்தார்கள். பனையேறுவதும், பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி போடுவதும், மழை கண்ட ஆண்டில் புன்செய் விதைப்பதுமாக வாழ்ந்த குடிகள் இவர்கள். அன்றைய சமூகத்தில் பெரிய கோயில்களின் வாசல் இவர்களுக்குத் திறக்காது. உள்ளே போய் முழங்கால் போட ஓர் இடம் கிடைத்தது என்பதே அவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை இன்று நாம் முயன்றுதான் உணர வேண்டியிருக்கிறது.

வெள்ளாளர்களும் அந்த ஊரில் கிறித்தவர்களாக வேரூன்றினார்கள். இவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். கிராமப் பங்குகளில் சாமியார் ஆண்டுக்குச் சில முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் நிற்பதும், கணக்கு எழுதுவதும் உபதேசியாரும் கோயில்பிள்ளையும்தான். அந்தப் பொறுப்புகள் யார் கையில் இருக்கின்றனவோ, கோயில் அவர்கள் கையில் இருக்கும். எண்ணிக்கையில் நாடார் கூடுதல், மரியாதைகளில் வெள்ளாளர் முதல் என்ற நிலை இப்படித்தான் ஏற்பட்டது. கோயிலில் கிடைக்கும் முதல் மரியாதைதான் அன்றைய கிராமத்தில் ஒருவர் நிலத்திலும் வழக்கிலும் பெறும் மதிப்பையும் முடிவு செய்தது. அதனால்தான் உட்காரும் இடத்துக்காக அவ்வளவு பெரிய சண்டை மூண்டது.

இந்த ஊரோடு சேர்ந்தே சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் மூலமாக இவர் கிறித்தவத்தை அறிந்தார். திருவிதாங்கூர் எல்லைக்குள் ஞானஸ்நானம் பெறுவது ஆபத்து என்பதால் எல்லை தாண்டி வடக்கன்குளம் வந்தார். அங்கிருந்த சேசு சபைக் குரு புத்தாரி 1745 மே 14-ஆம் நாள் இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தேவசகாயம் என்று பெயரிட்டார். 1749-இல் கைது, மூன்று ஆண்டு சித்திரவதை, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் துப்பாக்கிக்கு இரை. சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார், எல்லோரும் சமம் என்று பேசினார் என்பதை அவரைப் பற்றிய திருச்சபைக் குறிப்புகள் அழுத்தமாகச் சொல்கின்றன. சமம் என்று சொன்னதற்கும் உயிரை விலையாகக் கொடுத்த ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில்தான், நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்து இரட்டைக் கூடம் எழுந்தது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்காக அந்த ஊர்க்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. வேர் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நோபிலி, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, உயர்சாதியினருக்கான சந்நியாசியாக வாழ்ந்தார். அவர் காலத்திலேயே மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் வகை உண்டானது. சாதி என்பது உலக வழக்கம், வேதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை எதிர்த்து ரோமுக்குப் புகார்கள் போயின. 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் தடை போட்டார். 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் விதித்த சட்டம் பல சடங்குகளை நிறுத்தியது. ஆனால் தலித் கிறித்தவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1745-இல், புதுச்சேரிக் கோயிலில் தலித் மக்களை மற்றவர்களிடமிருந்து பிரித்த சுவர் இடிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த கொந்தளிப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஆண்டு!

1773-இல் சேசு சபையையே ரோம் கலைத்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்தமிழ்நாட்டுப் பங்குகள் கோவாவிலிருந்து வந்த சில குருக்களை நம்பிக் கிடந்தன. உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான் கோயிலைக் காப்பாற்றினார்கள். கோயில் எங்களுடையது என்ற உரிமையுணர்வு இந்தக் காலத்தில்தான் இறுகியது. அதை வெறும் ஆணவம் என்று தள்ள என்னால் முடியவில்லை. இரண்டு தலைமுறை கவனிப்பாரற்றுக் கிடந்த கோயிலுக்கு விளக்கேற்றியவர்களின் உரிமையுணர்வு அது. அந்த உரிமை அடுத்தவரைத் தள்ளிவைக்கும் உரிமையாக மாறியதில்தான் கோளாறு.

1830-களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபையார் திரும்பி வந்தபோது அவர்கள் கை ஓங்கியிருக்கவில்லை. கோவாக் குருக்கள் ஒரு பக்கம் தங்கள் உரிமையை விடவில்லை. மறுபக்கம் அதே தென்நெல்லையில் புரொட்டஸ்டண்ட் மிஷன்கள் நாடார்களிடையே வேகமாகப் பரவின. 1841-இல் கால்டுவெல் இடையன்குடியில் வந்து குடியேறினார். சாமியார் பிடிக்காத முடிவு எடுத்தால் ஊரில் ஒரு கட்சி கோவாக் குருவிடம் போகும், அல்லது மிஷன் சபைக்கே போய்விடும். இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1872-ஆம் ஆண்டின் கட்டட அமைப்பு. இரு தரப்பையும் இழக்காமல் ஒரே பீடத்தின் முன் நிறுத்த வேறு வழி தெரியவில்லை. ஆளுக்கொரு கோயில் என்று முழுதாகப் பிரியாமல் காத்தோம் என்று கட்டியவர்கள் நிம்மதி அடைந்திருக்கலாம். அந்த நிம்மதி நாற்பது ஆண்டுகூட நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? நாடார்கள் அதே இடத்தில் நிற்கவில்லை. கருப்புக்கட்டி வணிகமும் பேட்டைகளும் மகமையும் அவர்களைச் சிவகாசி, விருதுநகர் என்று புதிய ஊர்களுக்குக் கொண்டு போயின. மிஷன் பள்ளிகள் படிக்க வைத்தன. கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடி வாங்கி 1859-இல் அரசாணை பெற்றார்கள். வடக்கன்குளத்துக்கு அந்தச் செய்தி வர அதிக நேரம் ஆகியிருக்காது. உறவுக்காரர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். 1872-இல் தனிக் கூடம் கிடைத்ததே முன்னேற்றம் என்று நினைத்த தந்தையின் மகனுக்கு, 1900-இல் அதே கூடம் அவமானமாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் பங்குப் பொறுப்பில் இருந்தவர் அதிரியன் கௌசானல். பிரெஞ்சுக்காரர். பாளையங்கோட்டையில் 1903-இல் திரு இருதய சகோதரர்கள் சபையை நிறுவியவரும் இவரே. 1910-இல் கோயிலுக்குள் இருந்த பிரிவினைத் தடுப்புகளை இவர் இடித்து அகற்றினார். கூடங்களின் அமைப்பு அப்படியேதான் இருந்தது, கவட்டை வடிவத்தை ஒரே நாளில் நிமிர்த்த முடியாது. ஆனால் யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்குச் சுவர் இனிச் சாட்சி சொல்லாது. சாமியார் ஒருவர் தனியாகச் செய்த காரியமாக இதைப் பார்க்கக் கூடாது. எத்தனையோ ஆண்டுகளாக எழுந்த நாடார்களின் குரல் இல்லாமல் அந்தக் கடப்பாரை ஓங்கியிருக்காது.

வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கோயிலில் தங்களுக்குத் தனி இடம் உண்டு, வழிபாட்டில் தங்களுக்கென்று நெடுங்கால உரிமைகள் உண்டு, தடுப்பை எடுத்தது அந்த உரிமைகளைப் பறிப்பது என்பது அவர்கள் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றது. நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கிறித்தவர்களான பிறகு சாதி அடிப்படையில் கோயிலில் தனி இடம் கோரும் சட்ட உரிமை கிடையாது, கோயிலின் நிர்வாகம் திருச்சபை அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பின் எடை புரிய வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மீது தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் முடிந்தது. வழக்காற்றின்படி அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்றது பிரிவி கவுன்சில். இரண்டே ஆண்டில் வடக்கன்குளத்தில் சுவர் விழுந்தது. நெடுங்கால வழக்கம் என்பது ஓர் இடத்தில் சட்டமாகவே நின்றது, மற்றோர் இடத்தில் நிற்கவில்லை. வேறுபாட்டுக்குக் காரணம், வடக்கன்குளத்தில் கோயிலுக்கு அதிகாரி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட தரப்பே தடுப்பை எடுக்க முன்வந்தது. அதிகாரம் கையில் இருப்பவர் மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு இது சான்று. அதே அதிகாரம் 1872-இல் சுவரைக் கட்டவும் சம்மதித்தது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். வடக்கன்குளத்துப் பூசல் பெரும்பாலும் நாடார்–வெள்ளாளர் பூசலாகவே எழுதப்பட்டுள்ளது. இருவரிடமும் வழக்கு நடத்தப் பணம் இருந்தது, விண்ணப்பம் எழுத ஆள் இருந்தது. தமிழகக் கோயில்களில் பின்வரிசையிலும் வெளித் தாழ்வாரத்திலும் நின்ற தலித் கிறித்தவர்களுக்கு இரட்டைக் கூட வரைபடத்தில் மூன்றாவது கூடம் எதுவும் வரையப்படவில்லை. ஆவணம் குறைவாக இருப்பதால் அவமானம் குறைவாக இருந்தது என்று பொருள் இல்லை.

நம் திண்டுக்கல் பக்கம் இரட்டைக் கூடம் எழுவதற்கு முன்பே வேறொரு சோதனை நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனார் மறு ஆண்டே திண்டுக்கல்லில் தங்கள் நிலையத்தைத் திறந்தார்கள். இவர்களும் முதலில் சாதியைக் கண்டும் காணாமல்தான் இருந்தார்கள். தஞ்சாவூர்ச் சபைகளில் ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாட்டை ஒழிக்க உத்தரவிட்டு, வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது அவர்களுக்குத் தெரியும். 1847-இல் அமெரிக்க மிஷனார் துணிந்தார்கள். சபையில் உறுப்பினராகவும் ஊழியராகவும் இருக்க விரும்புகிறவர் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். பலர் வெளியேறினார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற உபதேசியார்களும் உண்டு. சுவர் எங்கே என்று சேசு சபையார் கட்டடத்தில் தேடினார்கள் என்றால் அமெரிக்க மிஷனார் சாப்பாட்டு இலையில் தேடினார்கள். என் கணிப்பில் இலைதான் சரியான இடம். ஒரே கூடத்தில் இரண்டு மணி நேரம் நிற்க முடிந்த பலருக்கு ஒரே பந்தியில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை.

மிஷன் பிரிவுகளுக்குள் இருந்த வேலி ஓரளவு எளிதாகவே விழுந்தது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1919-இல் தரங்கம்பாடியில் அசரியாவும் வேதநாயகம் சந்தியாகோவும் முன்நின்ற கூட்டம், 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை. அமெரிக்க மிஷன் வளர்த்த திண்டுக்கல் சபைகளும் அதில் சேர்ந்தன. மதுரை–ராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகின் கிராமம் கிராமமாகச் சுற்றியவர். எந்த நாட்டு மிஷன் கட்டிய கோயில் என்பது ஊர்ச் சனங்களுக்கு ஒருபோதும் பெரிய விஷயமாக இருந்ததில்லை. யாரோடு உட்கார்வது என்பதுதான் விஷயம்.

வடக்கன்குளத் தீர்ப்போடு கதை முடியவில்லை என்பதை 2008 காட்டியது. விழுப்புரம் மாவட்டம் என்று அன்று அறியப்பட்ட பகுதியில் உள்ள எறையூரில், வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் பொதுவான பழைய பங்குக் கோயில். மரியாதையில்லாத இடத்தில் இருக்க மாட்டோம், எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டார்கள். மார்ச் 9-ஆம் நாள் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள் பலி. நாடார்கள் 1910-இல் சுவரை எடுக்கச் சொன்னார்கள். எறையூர் தலித் மக்கள் பிரிந்து போக அனுமதி கேட்டார்கள். இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரியலாம். இரண்டிலும் கேட்கப்பட்டது ஒன்றே: நின்றாலும் நடந்தாலும் புதைந்தாலும் மற்றவரைப் போன்ற மதிப்பு. புதைவதைச் சொல்லக் காரணம் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களைத் தனியே பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது நம் நினைவில் இருக்கிறது.

தேவசகாயத்துக்கு 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய அறிவிப்புகளில் அவர் பெயரோடு பிள்ளை என்ற சாதிப் பெயரும் இருந்தது. அதை நீக்க வேண்டும் என்று தமிழகத்திலிருந்து கோரிக்கை போனது. வத்திக்கான் நீக்கியது.

திண்டுக்கல், வத்தலக்குண்டு பக்கத்துச் சபைகளில் 1847-க்குப் பிறகு யார் பந்தியில் உட்கார்ந்தார்கள், வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், சோறு பொங்கும் அறுப்பின் பண்டிகையில் இந்தக் கேள்வி எப்படித் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)